வங்கி அதிகாரி நேர்காணல்: அழைப்புக் கடிதம் முதல் அறையைவிட்டு வெளியே வரும் வரை

பொதுத்துறை வங்கிகளின் புரொபேஷனரி அதிகாரி (பயிற்சிநிலை அதிகாரி) பணிக்காக, வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ் நடத்தும் முதல்நிலைத் தேர்வையும் முதன்மைத் தேர்வையும் கடந்து நேர்காணலுக்கு அழைக்கப்படுபவர்களில் பலர், அழைப்புக் கடிதம் கிடைத்த அன்றே மறுபடியும் பொது அறிவுத் தொகுப்புகளைப் புரட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உழைப்பு போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதை எழுத்துத் தேர்வு ஏற்கெனவே அளந்துவிட்டது. நேர்காணலில் எதிரே அமர்பவர்களில் பெரும்பாலோர் கிளைகளை நடத்திப் பழகிய மூத்த அதிகாரிகள். இந்த இளைஞரை ஒரு கிளையில் அமர்த்தினால், பாஸ்புக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் முதியவரிடம் பொறுமையாகப் பேசுவாரா, பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் நேர்மை தவறாமல் இருப்பாரா, தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டி வங்கிக்குச் சேதம் விளைவிப்பாரா என்பதையே அவர்கள் அறிய விரும்புகிறார்கள். பல ஆண்டுகளாக மாதிரி நேர்காணல்களில் கேள்வி கேட்கும் பக்கத்தில் அமர்ந்து வருபவன் என்ற முறையில், இதற்கான ஆயத்தத்தைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: நேர்காணலின் எடையை அறிந்துகொள்ளுங்கள்

நேர்காணலுக்கு 100 மதிப்பெண்கள். பொதுப் பிரிவினர் குறைந்தது 40 விழுக்காடும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் குறைந்தது 35 விழுக்காடும் பெற வேண்டும். அதற்குக் கீழே சென்றால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு எடுத்திருந்தாலும் பயனில்லை. இறுதிப் பட்டியலில் முதன்மைத் தேர்வுக்கு 80 பங்கும் நேர்காணலுக்கு 20 பங்கும் சேர்கின்றன. முதன்மைத் தேர்வின் மொத்த மதிப்பெண் 225. இதைக் கணக்கிட்டுப் பார்த்தால், நேர்காணலில் கூடுதலாக 20 மதிப்பெண் பெறுவது இறுதிக் கணக்கில் 4 புள்ளிகள் ஆகிறது. அதே 4 புள்ளிகளை முதன்மைத் தேர்வில் ஈட்ட வேண்டுமானால் 11 மதிப்பெண்ணுக்குமேல் கூடுதலாக எடுத்திருக்க வேண்டும். ஒரு மதிப்பெண்ணின் பின்னத்தில் கிடைக்கும் வங்கியே மாறிப்போகும் தேர்வில் இது பெரிய வித்தியாசம். எழுத்துத் தேர்வில் விளிம்பில் நிற்பவரைக் காப்பாற்றவும், முன்னணியில் நிற்பவரைக் கீழே தள்ளவும் இந்தச் சில நிமிட உரையாடலுக்கு வலிமை உண்டு.

இரண்டாம் படி: சான்றிதழ்களை முதல் வாரத்திலேயே சரிசெய்யுங்கள்

அறிவிலோ பேச்சிலோ குறையில்லாதவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையிலேயே திரும்பிப்போவதைக் காண்பது மிகுந்த வேதனை தருகிறது. தமிழ்நாட்டு விண்ணப்பதாரர்களுக்கு இதில் இரண்டு தனிச் சிக்கல்கள் உள்ளன.

முதலாவது சாதிச் சான்றிதழ். மாநில அரசுத் தேர்வுகளுக்காக வாங்கிய பிற்படுத்தப்பட்டோர் அல்லது மிகப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் இங்கே போதாது. மத்திய அரசு வகுத்த படிவத்தில், கிரீமிலேயரில் (வசதி படைத்த மேல்தட்டில்) வராதவர் என்ற வாசகத்துடன், அறிவிப்பில் குறிப்பிட்ட காலத்துக்குள் வழங்கப்பட்ட ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்) சான்றிதழ் வேண்டும். அத்துடன் உங்கள் சமூகம் மத்திய அரசின் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; மாநிலப் பட்டியலில் இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாத சமூகத்தினர் பொதுப் பிரிவிலேயே கருதப்படுவர். விண்ணப்பத்தில் ஒரு பிரிவைக் குறிப்பிட்டுவிட்டு நேர்காணல் நாளில் வேறு பிரிவுக்கு மாற இயலாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் விசாரணைக்கு நாள் பிடிக்கும் என்பதால், எழுத்துத் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் அதற்கு முன்பே இந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

இரண்டாவது பெயர். நம்மில் பெரும்பாலோருக்குப் பெயருடன் தலைப்பெழுத்து மட்டுமே உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும். ஆதாரில் தந்தையின் முழுப் பெயர் பின்னால் வந்திருக்கும். பட்டச் சான்றிதழில் தலைப்பெழுத்தே விடுபட்டிருக்கும். அடையாள அட்டையிலும் அழைப்புக் கடிதத்திலும் பெயர் ஒத்திருக்க வேண்டும் என்பது விதி. முரண்பாடு இருந்தால் அடையாள ஆவணத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவர்கள் திருமணச் சான்றிதழையோ அரசிதழ் அறிவிப்பையோ உடன் வைத்திருங்கள்.

இவற்றுடன் அழைப்புக் கடிதத்தின் அச்சுப்படி, விண்ணப்பத்தின் அச்சுப்படி, பிறந்த தேதிக்குச் சான்று, எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ், அரசிலோ பொதுத்துறையிலோ பணிபுரிபவராயின் தடையின்மைச் சான்று ஆகியவற்றின் மூலங்களையும் நகல்களையும் கடிதத்தில் கேட்டுள்ள வரிசையிலேயே ஒரு கோப்பில் அடுக்குங்கள். விரல்ரேகைப் பதிவு உண்டு என்பதால், வீட்டில் திருமணம் இருந்தாலும் அந்த நாட்களில் விரல்களில் மருதாணி வேண்டாம்.

மூன்றாம் படி: உங்கள் விண்ணப்பத்தையே பாடமாகப் படியுங்கள்

கேள்விகளின் பெரும்பகுதி நீங்கள் எழுதிக் கொடுத்தவற்றிலிருந்தே பிறக்கும். பெயர், ஊர், பெற்றோரின் தொழில், படித்த பாடம், பொழுதுபோக்கு, படிப்பு முடித்த பின் இடைவெளி விட்ட ஆண்டுகள் ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, அதன் கீழே ஐந்து கேள்விகளை நீங்களே எழுதுங்கள். பொழுதுபோக்கு என்று தோட்டக்கலையை எழுதியவருக்கு, தன் வீட்டு மண் எத்தகையது என்று தெரிந்திருக்க வேண்டும். இயந்திரப் பொறியியல் படித்தவரிடம் வெப்ப இயக்கவியலின் விதிகளைக் கேட்பார்கள். வேளாண்மை படித்தவரிடம் சொட்டுநீர்ப் பாசனத்தைக் கேட்பார்கள். தமிழ் இலக்கியம் படித்தவரிடம் பிடித்த பாடலின் பொருளை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வார்கள். நான்கு ஆண்டுகள் படித்த பாடத்திலேயே வாய் அடைத்து நிற்பவர் வங்கிப் பாடத்தை எப்படிக் கற்றுக்கொள்வார் என்ற ஐயம் அவர்களுக்கு எழுவது இயல்பே.

இடைவெளி ஆண்டுகளை மறைக்க முயல வேண்டாம். இரண்டு ஆண்டுகள் தேர்வுக்கே படித்தேன், அந்த நாட்களில் அப்பாவின் மளிகைக் கடையில் மாலை நேரங்களில் கணக்கு எழுதினேன் என்று உள்ளதைச் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு.

“ஏன் வங்கி?” என்ற கேள்விக்கு, நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன் என்ற விடையை ஒரே நாளில் பலர் வாயிலாகக் கேட்டுக் கேட்டு அந்தக் குழுவினர் சலித்திருப்பார்கள். பொறியியல் படித்துவிட்டு வங்கிக்கு வருபவர் தன் உண்மைக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நிலையான வேலை வேண்டும் என்பதும் கௌரவமான காரணமே. அதை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அந்த வேலையில் எந்தப் பகுதி தன்னை ஈர்க்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் விடை முழுமை பெறும். கல்விக்கடனில் படித்தவராயின் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். ஏழரை லட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்து ஈடு தேவையில்லை என்பதை ஒரு மேலாளர் எடுத்துச் சொன்னதால்தான் கல்லூரியில் சேர முடிந்தது என்று ஒரு மாணவி மாதிரி நேர்காணலில் சொன்னபோது, அவர் ஏன் வங்கிக்கு வருகிறார் என்று அடுத்த கேள்வி கேட்கத் தேவையே இருக்கவில்லை.

நான்காம் படி: உங்கள் ஊரின் பணம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள்

என் அனுபவத்தில் மிக அதிகப் பயன் தருவதும், மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் இந்தப் படியே. என் முதல் நேர்காணலில், ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டது, 1949 ஜனவரி 1 அன்று தேசியமயமானது என்றெல்லாம் மனப்பாடமாகச் சொல்ல ஆயத்தமாகப் போயிருந்தேன். அவர்கள் கேட்டதோ, உங்கள் ஊர் மக்கள் அவசரத்துக்கு யாரிடம் கடன் வாங்குகிறார்கள், வங்கி இருந்தும் ஏன் அவரிடம் போகிறார்கள் என்பதை. எனக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்வி அது. என் தெருவிலேயே நடப்பது. ஆனால் அதை ஒருநாளும் நான் யோசித்துப் பார்த்ததில்லை. அந்த ஆண்டு எனக்கு வேலை கிடைக்கவில்லை.

எனவே உங்கள் மாவட்டத்தின் முதன்மைத் தொழில் எது, அதற்கு எந்த மாதத்தில் பணம் தேவைப்படுகிறது, எந்த மாதத்தில் பணம் திரும்பி வருகிறது என்று விசாரியுங்கள். திருப்பூர்க்காரர் பின்னலாடை ஏற்றுமதியில் சரக்கை அனுப்பியதற்கும் பணம் வருவதற்கும் இடைப்பட்ட காலத்தைச் சமாளிக்க நடைமுறை மூலதனக் கடன் ஏன் தேவை என்று விளக்க வேண்டும். சிவகாசிக்காரர் பட்டாசு விற்பனை தீபாவளியை ஒட்டிக் குவிவதையும் உற்பத்தி ஆண்டு முழுவதும் நடப்பதையும் இணைத்துப் பேச வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர் தோல் தொழிலையும், நாமக்கல்காரர் கோழிப்பண்ணையையும், சேலத்துக்காரர் ஜவ்வரிசி ஆலைகளையும், தஞ்சைக்காரர் குறுவையும் சம்பாவும் எப்போது கடன் கேட்கின்றன என்பதையும் அறிந்திருக்க வேண்டும். தர்மபுரியிலிருந்து வருபவருக்கு, தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் அந்த மாவட்டத்தில்தான் தொடங்கின என்பதும், வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு அத்தகைய குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் திட்டத்தை 1992இல் தொடங்கியது என்பதும் தெரிந்திருந்தால், அந்த ஒரு கேள்வியிலேயே உரையாடல் அவர் பக்கம் திரும்பிவிடும்.

வங்கி வரலாறும் நம் ஊர்களிலேயே இருக்கிறது. சென்னையில் ஆங்கிலேயரின் அர்பத்நாட் வங்கி நிறுவனம் 1906இல் திவாலாகிப் பலரின் சேமிப்பு மூழ்கிய பின்னரே, நம்மவர்களுக்கென ஒரு வங்கி வேண்டும் என்ற எண்ணம் வலுத்து 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தார். கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கி 1904இலும், கரூர் வைஸ்யா வங்கி 1916இலும், தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 1921இலும் தோன்றின. இவ்வூர்களிலிருந்து வருபவர் இதை அறியாமல் செல்வது கூடாது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளும் 1980இல் மேலும் 6 வங்கிகளும் தேசியமயமாக்கப்பட்டதையும், இணைப்புகளுக்குப் பின் இன்று பொதுத்துறை வங்கிகள் 12 மட்டுமே இருப்பதையும் ஒரு முறை படித்துக்கொண்டால் போதும்.

ஐந்தாம் படி: வங்கியியலைக் கவுன்ட்டரின் பக்கத்திலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு வரையறையைச் சொன்ன உடனே, “அதனால் வாடிக்கையாளருக்கு என்ன?” என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலத்துக்குக் கடன் தரும் வட்டி ரெப்போ வட்டி என்று சொல்வது பாதி விடை. அது குறைந்தால் அதனுடன் இணைக்கப்பட்ட வீட்டுக்கடனின் தவணையோ காலமோ குறையும், வைப்புத்தொகை வட்டியை நம்பி வாழும் ஓய்வூதியர் வருந்துவார் என்பது மறுபாதி. அந்த வட்டியை ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு தீர்மானிக்கிறது. பணவீக்கத்தை 4 விழுக்காட்டில், கூடவோ குறையவோ 2 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது அதன் இலக்கு. நடப்பு விகிதங்களை மட்டும் நேர்காணலுக்கு முந்தைய நாள் ரிசர்வ் வங்கியின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாராக்கடன் பற்றிக் கேட்காத குழு அரிது. வட்டியோ அசலோ 90 நாட்களுக்குமேல் நிலுவையில் நின்றால் அந்தக் கடன் வாராக்கடன் ஆகிறது என்பதை எல்லோரும் சொல்வார்கள். பயிர்க்கடனுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது என்பதையும், குறுகிய காலப் பயிர்களுக்கு இரண்டு பருவங்களும் நீண்ட காலப் பயிர்களுக்கு ஒரு பருவமும் கணக்கில் கொள்ளப்படுகின்றன என்பதையும், உழவரின் வருமானம் மாதந்தோறும் வராமல் அறுவடையின்போது வருவதே அதற்குக் காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்பவர் தனித்துத் தெரிவார். அதுபோலவே உழவர்களுக்குப் பயிர்க்கடன் தரும் கிசான் கிரெடிட் கார்டில் மூன்று லட்சம் ரூபாய் வரை 7 விழுக்காடாக இருக்கும் வட்டி, உரிய நாளில் கட்டினால் 3 விழுக்காடு சலுகையால் 4 ஆகக் குறைகிறது. கடன் தள்ளுபடி வரும் என்று காத்திருக்கும் உழவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டால், இந்த எண்ணிலிருந்தே உங்கள் விடையைத் தொடங்கலாம்.

தமிழ்நாட்டில் பணியாற்றப் போகிறவருக்கு நகைக்கடன் தெரியாமல் தீராது. நுகர்வுத் தேவைக்கான நகைக்கடனில் இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 விழுக்காடும், ஐந்து லட்சம் வரை 80 விழுக்காடும், அதற்குமேல் 75 விழுக்காடும் உச்சவரம்பாக 2025இல் ரிசர்வ் வங்கி வகுத்தது. சிறு கடன் வாங்குபவருக்கு ஏன் கூடுதல் வரம்பு என்று யோசித்து வையுங்கள்.

வைப்புத்தொகைக் காப்பீடு 2020 பிப்ரவரி 4 முதல் ஐந்து லட்சம் ரூபாய். கணக்குதாரர் இறந்தால் பணத்தைப் பெறுபவரைக் குறிப்பிடும் நியமனத்தில் (நாமினேஷன்) 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை குறிப்பிடலாம். பெரிய தொகையை உடனுக்குடன் வேறு வங்கிக் கணக்குக்கு அனுப்பும் ஆர்டிஜிஎஸ் முறையில் குறைந்தபட்சத் தொகை இரண்டு லட்சம். சிறுதொழில்களுக்கான முத்ரா கடனின் பிரிவுகள், கடனைத் திருப்பிச் செலுத்திய பழக்கத்தைக் காட்டும் சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை என்பன போன்றவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். அதன்பின் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, குடும்பத்தினர் கணக்கு வைத்திருக்கும் கிளைக்குச் செல்லுங்கள். வைப்புத்தொகைப் படிவம், நியமனப் படிவம், வாடிக்கையாளரின் அடையாளத்தை உறுதிசெய்யும் கேஒய்சி புதுப்பிப்புப் படிவம் ஆகியவற்றை வாங்கி நிரப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் மக்கள் தடுமாறுகிறார்கள் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும்.

ஆறாம் படி: சூழ்நிலைக் கேள்விகளில் விதியையும் மனிதரையும் ஒருங்கே பாருங்கள்

கணவரை இழந்த பெண் ஒருவர், நியமனம் செய்யப்படாத கணக்கிலிருந்து ஈமச் செலவுக்குப் பணம் கேட்டு அழுகிறார். செல்வாக்குள்ள ஒருவர் தன் ஆளுக்குக் கடன் தரச் சொல்லித் தொலைபேசியில் அழைக்கிறார். காவல்துறை என்று சொல்லிக்கொண்டு யாரோ மிரட்டியதால், நடுங்கும் கையோடு முதியவர் ஒருவர் முழு வைப்புத்தொகையையும் வேறு கணக்குக்கு மாற்றச் சொல்கிறார். இத்தகைய கேள்விகளுக்கு விதிப்படி முடியாது என்பதும் தவறான விடை, மனிதாபிமானத்தால் கொடுத்துவிடுவேன் என்பதும் தவறான விடை. முதலாவதில், பணத்தைத் தர இயலாத காரணத்தை அமரவைத்து விளக்கி, இறந்தவர் கணக்குகளுக்கான உரிமைகோரல் நடைமுறையை அன்றே தொடங்கி, படிவங்களை நிரப்ப உதவி, விரைவுபடுத்த மேலாளரிடம் தானே பேசுவேன் என்பது பொருத்தமான வழி. மூன்றாவதில், முதியவரைத் தனியே அமர்த்திப் பேசி, டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் எதுவும் இல்லை என விளக்கி, வீட்டாரை அழைத்து, பணம் ஏற்கெனவே போயிருந்தால் இணையக் குற்றங்களுக்கான 1930 உதவி எண்ணில் உடனே புகார் செய்ய வைக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் பயனர் குறியீட்டைச் சக ஊழியரிடம் பகிர்வேன் என்றோ, பின்னர் சரிசெய்துகொள்ளலாம் என்று கையொப்பமிடுவேன் என்றோ சொல்லிவிடாதீர்கள். வங்கியில் மோசடிகள் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

வட மாநிலக் கிராமத்தில் பணியமர்த்தினால் செல்வீர்களா என்ற கேள்வி பெண்களிடம் சற்று அழுத்தமாகவே கேட்கப்படுகிறது. அதிகாரிப் பணி நாடு முழுவதற்குமானது. இதைக் குடும்பத்தாருடன் முன்கூட்டியே பேசி முடிவெடுத்தவரின் குரலில் உறுதி இருக்கும்.

ஏழாம் படி: ஆங்கிலத்தில் பேசப் பழகுதல்

நேர்காணல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ நடக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களை இதுதான் அதிகம் அச்சுறுத்துகிறது. நீண்ட வாக்கியங்களையும் வேற்று உச்சரிப்பையும் தேடிப் போக வேண்டாம். நாள்தோறும் இருபது நிமிடம், ஒரு நாளிதழ்ச் செய்தியைத் தமிழில் படித்துவிட்டு அதை நான்கைந்து சிறிய ஆங்கில வாக்கியங்களில் உரக்கச் சொல்லி, கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். அசல், ஈடு, ஜாமீன், தவணை, நிலுவை, வசூல் போன்று வீட்டில் புழங்கும் சொற்களுக்கு வங்கியில் வழங்கும் ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிட்டு வாக்கியங்களில் பயன்படுத்திப் பழகுங்கள். மாதிரி நேர்காணல் மூன்று போதும். அவற்றில் ஒன்றையாவது வங்கியில் பணிபுரியும் ஒருவர் நடத்தட்டும். ஐந்தாறுக்குமேல் சென்றவர்களின் விடைகளில் ஒப்பித்தலின் சாயல் ஏறிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

எட்டாம் படி: அந்த நாள்

வெளியூரிலிருந்து வருபவர்கள் முதல் நாளே வந்து தங்கி, இடத்தை ஒருமுறை பார்த்து வாருங்கள். ஆண்களுக்கு வெளிர் நிற முழுக்கைச் சட்டையும், பெண்களுக்குப் புடவையோ சுடிதாரோ போதுமானவை. பழக்கமில்லாத உடையை அன்று முதல்முறையாக அணிய வேண்டாம். சரிபார்ப்புக்குப் பின் பல மணி நேரம் காத்திருக்க நேரலாம். உள்ளே போய்விட்டு வருபவர்களிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டே இருப்பது பதற்றத்தை மட்டுமே வளர்க்கும்.

உள்ளே அனுமதி கேட்டு நுழைந்து, எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் சொல்லி, அமரச் சொன்னபின் அமருங்கள். கேள்வி கேட்டவரைப் பார்த்து விடையைத் தொடங்கி, இடையே மற்றவர்களையும் பாருங்கள். தெரியாத கேள்விக்கு, மன்னிக்கவும், எனக்குத் தெரியவில்லை என்று உடனே சொல்லிவிடுங்கள். ஓரளவு தெரிந்திருந்தால், ஊகித்துச் சொல்லலாமா என்று அனுமதி பெற்றுச் சொல்லுங்கள். கற்பனையாக ஒரு எண்ணைச் சொல்லி அது பிடிபட்டுவிட்டால், அதுவரை நீங்கள் சொன்ன சரியான விடைகள்மீதும் ஐயம் விழும். காசாளர் மேசையில் ஒரு எண்ணை ஊகித்து எழுதுபவரை எந்த வங்கியும் விரும்பாது. சில நேரங்களில் குழுவினர் உங்கள் விடையை வேண்டுமென்றே மறுப்பார்கள். உங்கள் கருத்துக்குக் காரணம் இருந்தால் அதை மென்மையாக ஒரு முறை எடுத்துச் சொல்லி, அவர்கள் கூறுவதிலுள்ள நியாயத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வாதத்தை மூன்றாம் சுற்றுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

முடிந்ததும் நன்றி கூறி வெளியே வந்து, கோப்பில் மூலச் சான்றிதழ்கள் எல்லாம் திரும்பி வந்துள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். பின்னர் எங்காவது ஒரு டீக்கடையில் அமர்ந்து, கேட்கப்பட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன விடைகளையும் நினைவு மங்குவதற்குள் எழுதிவையுங்கள். அதே பருவத்தில் பாரத ஸ்டேட் வங்கியின் அதிகாரித் தேர்வுக்கும் அழைக்கப்பட்டிருந்தால், அங்கே 30 மதிப்பெண்ணுக்கான நேர்காணலுடன் 20 மதிப்பெண்ணுக்குக் குழுப் பயிற்சியும் இருக்கும். அந்தத் தாளில் விடை தெரியாமல் விட்ட கேள்விகளிலிருந்தே அதற்கான படிப்பைத் தொடங்கலாம்.